போன் சொல்வதை டவர் கேட்கிறதா?

2019 ஏப்ரல் 3. அமெரிக்காவில் சிகாகோ, மினியாபொலிஸ் நகரங்களின் சில தெருக்களில் வெரைசான் நிறுவனம் செல்போனுக்கான 5ஜி சேவையைத் தொடங்கியது. ‘உலகத்திலேயே முதல்’ என்ற பெயர் அவர்களுக்குப் போய்விடக் கூடாதென்று தென்கொரிய நிறுவனங்கள் தங்கள் ஊர் நேரப்படி அன்றிரவு 11 மணிக்கே அவசர அவசரமாகச் சேவையைத் திறந்துவிட்டது தனிக் கதை. சிகாகோவுக்கு வருவோம். விளக்குக் கம்பத்தில் மாட்டியிருந்த பெட்டியைப் பார்த்தபடி நின்றவர்களுக்கு வேகம் பிய்த்துக்கொண்டு போனது. தெருமுனை திரும்பினால் 4ஜி. கடைக்குள் நுழைந்தால் 4ஜி. கம்பத்துக்கு முதுகைக் காட்டி நின்றாலும் பல நேரம் 4ஜிதான்.

டவர் போதவில்லை என்று அப்போது காரணம் சொன்னார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி போனுக்குள் இருந்தது. போனின் ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், அங்கே கண்டதை டவருக்கு எப்போது, எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதில் இருந்தது. அதற்குப் பிறகான ஆண்டுகளில் 5ஜி பொறியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயங்களில் இது முக்கியமானது. வெளியே அதிகம் பேசப்படாததும் இதுதான்.

அலை சுருங்கியதும் வந்த வினை

பழைய செல்போனுக்குத் திசை என்று ஒன்று கிடையாது. 900 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். போன் நாலாபக்கமும் பேசும், நாலாபக்கமும் கேட்கும். வெரைசான் எடுத்துக்கொண்டது 28 கிகாஹெர்ட்ஸ். அங்கே அலையின் நீளம் 10.7 மில்லிமீட்டர். இந்த வட்டாரத்துக்கு மில்லிமீட்டர் அலை என்று பெயர். அலை சுருங்கினால் ஆன்டெனாவும் சுருங்கும், அது அள்ளிக்கொள்ளும் ஆற்றலும் சுருங்கும். அதிர்வெண் பத்து மடங்கு ஏறும்போது கைக்கு வந்து சேருவது நூறில் ஒரு பங்குதான்.

ஆனால் அதே சுருக்கம் ஒரு வழியையும் திறந்துவிடுகிறது. ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் நாலு ஆன்டெனாக்களை வரிசையாக வைத்தாலும் மொத்த நீளம் இரண்டு சென்டிமீட்டர்தான் ஆகும். ஒவ்வொன்றுக்கும் போகும் சிக்னலைத் துளி முன்பின்னாகத் தள்ளிவிட்டால், நாலும் சேர்ந்து ஒரு திசையில் மட்டும் ஓங்கி ஒலிக்கும். மற்றத் திசைகளில் அடங்கிவிடும். தள்ளும் அளவை மாற்றினால் திசை மாறும். எந்தப் பாகமும் அசைய வேண்டியதில்லை. இப்படி ஒரு பக்கமாகக் குவிந்த அலைதான் கற்றை. பொறியாளர்கள் பேச்சில் பீம்.

இது புது யோசனை அல்ல. மார்க்கோனியோடு 1909இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஃபெர்டினாண்ட் பிரவுன் 1905லேயே மூன்று ஆன்டெனாக்களை வைத்து அலையை ஒரு பக்கம் திருப்பிக் காட்டியவர். மில்லிமீட்டர் அலையும் புதிதல்ல. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய ஜகதீஷ் சந்திர போஸ் 1895இல் அந்நகரின் டவுன்ஹாலில் அதைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினார். கூம்பு வடிவ ஆன்டெனா உட்பட இன்று நாம் பயன்படுத்தும் பல உறுப்புகளை அவரே செய்து வைத்திருந்தார். அதன் பிறகு ராணுவ ரேடாருக்கும் செயற்கைக்கோளுக்கும் என்று ஒதுங்கியிருந்த இந்த அலைவரிசையைச் செல்போனுக்குக் கொண்டுவரலாம் என்பதைத் தெருவில் இறங்கி அளந்து காட்டியவர்களில் முன்னால் நிற்பவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் தியோடர் ராப்பாபோர்ட். நியூயார்க், ஆஸ்டின் நகரத் தெருக்களில் எடுத்த அளவுகளை வைத்து அவரும் சகாக்களும் 2013இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘இது வேலை செய்யும்’ என்று அடித்துச் சொல்லி ஆச்சரியக்குறியோடு முடிந்தது.

வேலை செய்தது, நிற்கிற இடத்தில் நிற்கும் கருவிக்கு. கையில் இருக்கும் போனுக்கு வேறு நியாயம்.

நாலு ஆன்டெனா வரிசை உண்டாக்கும் கற்றையின் அகலம் சுமார் 26 பாகை. டவர் பக்கம் ஆன்டெனாக்கள் இன்னும் அதிகம், ஆகவே கற்றை இன்னும் மெலிது. மின்சாரம் போன இரவில், ஒரு பெரிய தோப்பின் இரு முனைகளில் ஆளுக்கொரு டார்ச் லைட்டோடு நிற்கும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வெளிச்சமும் நேருக்கு நேர் விழும்போதுதான் ஒருவரை ஒருவர் பார்க்க முடியும். அதில் ஒருவர் நடந்துகொண்டே இருக்கிறார், அடிக்கடி கையைத் திருப்புகிறார், சமயத்தில் டார்ச்சின் மேலேயே விரலை வைத்துவிடுகிறார். போன் என்பது அவர்தான்.

160 மில்லிவிநாடி என்பது நீண்ட நேரம்

உலகம் முழுக்க செல்போன் தொழில்நுட்பத்துக்கு விதி எழுதும் கூட்டமைப்பு 3ஜிபிபி. 5ஜியின் முதல் விதித்தொகுப்பான ரிலீஸ் 15இன் ஒரு பகுதி 2017 டிசம்பரிலும் முழு வடிவம் 2018 ஜூனிலும் முடிந்தன. அதில் கற்றைத் தேடலுக்கு வகுத்த முறை இதுதான். மில்லிமீட்டர் அலையில் டவர் 64 திசைகள் வரை ஒன்றன்பின் ஒன்றாக அடையாள சிக்னலை வீசும். ஒரு சுற்று 5 மில்லிவிநாடிக்குள் முடிந்துவிடும். பொதுவாக 20 மில்லிவிநாடிக்கு ஒரு முறை அடுத்த சுற்று வரும்.

போனுக்கும் தன் பங்குக்குத் திசைகள் உண்டு. ஒரு சுற்றில் ஒரு பக்கமாகக் காதைத் திருப்பி வைத்துக் கேட்கும், அடுத்த சுற்றில் வேறு பக்கம். போனுக்கு எட்டுத் திசை என்று வைத்துக்கொண்டால் எல்லாவற்றையும் கேட்டு முடிக்க எட்டுச் சுற்று வேண்டும். அதாவது 160 மில்லிவிநாடி. இந்த எட்டு என் கற்பனை எண் அல்ல. போன் எவ்வளவு நேரத்துக்குள் அளந்து முடிக்க வேண்டும் என்று கணக்கிட 3ஜிபிபி விதியே எட்டு மடங்கு அவகாசம் தருகிறது.

கண் இமைக்கும் நேரத்தைவிடச் சற்றே அதிகம், அதில் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் அதற்குள் 2.7 மீட்டர் நகர்ந்துவிடும். பத்து மீட்டர் தள்ளிக் கம்பம் இருந்தால் அது பார்க்கும் கோணத்தில் 15 பாகை மாற்றம். டவரின் மெல்லிய கற்றை அதற்குள் உங்களைத் தவறவிட்டிருக்கும். காரை விடுங்கள். நிமிர்த்திப் பிடித்திருந்த போனை வீடியோ பார்ப்பதற்காகப் படுக்கையாகத் திருப்புகிறீர்கள். அரை விநாடியில் 90 பாகை திரும்புகிறது என்றால் 160 மில்லிவிநாடியில் 29 பாகை. போனின் சொந்தக் கற்றையின் அகலமே 26 பாகைதான். தேடி முடிப்பதற்குள் தேடிய பதில் பழசாகிவிடுகிறது.

அதனால்தான் தேடலை இரண்டு அடுக்காகப் பிரித்தார்கள். முதலில் அகலமான கற்றைகளை வைத்துத் தோராயத் திசை. பிறகு அந்தத் திசைக்குள் மட்டும் மெல்லிய கற்றைகளை வைத்து நுணுக்கம் பார்ப்பது. டவர் ஒரே கற்றையைத் திரும்பத் திரும்ப அனுப்ப, போன் தன் பக்கத்துத் திசைகளை மட்டும் மாற்றிப் பார்ப்பதும் உண்டு. போன் எந்தப் பக்கம் காதைத் திருப்புகிறது என்பதை விதி கட்டளையிடுவதில்லை; அது போன் தயாரிப்பாளரின் சொந்தச் சமையல். போன் திரும்பியதை அதற்குள் இருக்கும் ஜைரோஸ்கோப் உணரி உடனே சொல்லிவிடும். அதைக் கேட்டுத் தன் கற்றையை எதிர்ப்பக்கம் அதே அளவு திருப்பிக்கொள்ள டவரின் அனுமதி தேவையில்லை. ஒரே சிப்பை வைத்துக்கொண்டு இரண்டு நிறுவனங்களின் போன்கள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ள முடிவது இதனால்தான்.

43 பிட்டில் ஒரு கடிதம்

போன் அளந்துவிட்டது. இனி டவருக்குச் சொல்ல வேண்டும். எனக்கு இந்த விஷயத்திலேயே சுவையான பகுதி இதுதான்.

ரிலீஸ் 15 விதிப்படி போன் ஒரு தடவையில் அதிகபட்சம் நாலு கற்றைகளைப் பற்றிச் சொல்லலாம். 64இல் எது என்று குறிக்க ஒவ்வொன்றுக்கும் 6 பிட். முதலிடத்தில் இருக்கும் கற்றையின் வலிமைக்கு 7 பிட். மற்ற மூன்றும் அதைவிட எவ்வளவு குறைவு என்பதற்குத் தலா 4 பிட், அதுவும் இரண்டு டெசிபெல் படிகளில். கூட்டிப் பாருங்கள்: 43 பிட். விநாடிக்கு நூறு மெகாபைட் இறக்கும் போனின் தலைவிதியை இந்த 43 பிட் கடிதம் தீர்மானிக்கிறது.

ஏன் இத்தனை கஞ்சத்தனம்? ஒரு டவரின் கீழ் நூற்றுக்கணக்கான போன்கள் இருக்கும். எல்லோரும் பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்தால் கடிதம் போகவே பாதை போதாது. போனின் பேட்டரியையும் பார்க்க வேண்டும். கஞ்சத்தனத்தில் தவறில்லை. கடிதத்தில் எதை எழுதச் சொன்னார்கள், எதை விட்டார்கள் என்பதில்தான் கோளாறு.

முதல் கோளாறு, வலிமையை மட்டும் கேட்டது. ஒரு கற்றை ஓங்கி ஒலிக்கிறது என்பதற்காக அது தெளிவாகக் கேட்கிறது என்று ஆகாது. பக்கத்துக் கம்பத்தின் கற்றை அதே திசையில் வந்து இடித்தால், வலிமையில் முதலிடம் பிடித்த கற்றையைவிட இரண்டாமிடத்தில் இருப்பது நல்ல இணைப்பைத் தரும். போனுக்கு அது தெரியும். ஆனால் சொல்லக் கட்டம் இல்லை. 2020இல் வந்த ரிலீஸ் 16 இந்தக் கட்டத்தைச் சேர்த்தது: இரைச்சலையும் குறுக்கீட்டையும் கழித்துப் பார்த்த தெளிவு எவ்வளவு என்று போன் சொல்லலாம்.

இரண்டாவது, கடிதத்தில் போனின் சொந்த நிலைமைக்கு இடமே இல்லாதது. ஒரு போனில் இரண்டு மூன்று இடங்களில் ஆன்டெனா வரிசை இருக்கும். 2018 ஜூலையில் குவால்காம் அறிமுகப்படுத்திய முதல் ஆன்டெனா மாட்யூலையே ஒரு போனில் நாலு வரை பொருத்தலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். மேல் விளிம்பில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முதுகில் ஒன்று என்று இருந்தால், நாலு கற்றைகளில் எவை எந்த வரிசைக்கு வந்தவை என்பது டவருக்குத் தெரியாது. ஒரே வரிசைக்கு வரும் இரண்டு கற்றைகளை ஒரே நேரத்தில் கேட்க முடியாமல் போகலாம். வெவ்வேறு வரிசைக்கு வந்தால் இரண்டையும் சேர்த்துக் கேட்டு வேகத்தை ஏற்றலாம். இரண்டு கற்றைகளை ஜோடி சேர்த்து ‘இவை இரண்டும் ஒரே நேரத்தில் எனக்குக் கேட்கும்’ என்று சொல்லும் வசதி தொடக்கத்திலேயே இருந்தாலும், அது ஒரு ஜோடியோடு நின்றுவிட்டது. 2022இல் முடிந்த ரிலீஸ் 17தான் பல ஜோடிகளைச் சொல்ல அனுமதித்தது.

மூன்றாவதுதான் பெரியது. டவர் கேட்டால்தான் போன் பேச வேண்டும். இத்தனை மில்லிவிநாடிக்கு ஒரு முறை சொல் என்று டவர் அட்டவணை போட்டுத் தரும். அல்லது திடீரென்று இப்போது சொல் என்று கேட்கும். இடையில் நிலைமை தலைகீழாக மாறினாலும் போன் வாயைத் திறக்க முடியாது. நிலைமை முற்றிலும் கெட்ட பிறகு மட்டும் ஒரு அபயக்குரல் உண்டு: டவரின் கட்டுப்பாட்டுச் செய்திகளில் பத்தில் ஒன்று தவறிப்போகும் அளவுக்குக் கற்றை மோசமாகி, அப்படிப்பட்ட சம்பவங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தொட்டதும், போன் தானே வேறொரு கற்றையைத் தேர்ந்தெடுத்து டவரின் கதவைத் தட்டலாம். வீடு எரிந்த பிறகு புகார் கொடுக்க மட்டும் உரிமை தந்த மாதிரி.

இன்னொரு சிக்கலும் உண்டு. போன் எழுதும் கடிதம் போவதே, அது ‘கெட்டுக்கொண்டிருக்கிறது’ என்று புகார் சொல்லும் அதே கற்றையின் வழியாகத்தான். தாமதமானால் கடிதமே போய்ச் சேராது.

2025இல் வடிவம் பெற்ற ரிலீஸ் 19 இந்த முறையைத் திருப்பிப் போட்டது. இப்போதிருக்கும் கற்றையைவிட இன்னொன்று இத்தனை டெசிபெல் மேலானது என்ற மாதிரியான நிபந்தனையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். நிபந்தனை நிறைவேறிய உடனே, கேட்கும்வரை காத்திராமல், போன் தானாகவே சொல்லிவிடலாம். நல்ல நிலைமையில் வீணாகக் கடிதம் எழுதுவதும் மிச்சம். முதல் விதித்தொகுப்பு முடிந்து ஏழாண்டு கழித்து வந்த இந்த மாற்றம், 2017லேயே வந்திருக்க வேண்டியது என்பது என் கட்சி. விதி எழுதும் மேசையில் டவர் தயாரிக்கும் நிறுவனங்களின் கை எப்போதும் ஓங்கியே இருந்திருக்கிறது. வலைப்பின்னலின் கட்டுப்பாட்டைப் போனிடம் விட்டால் ஒழுங்கு கெடும் என்பது அவர்களுடைய பழைய பயம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒன்றுக்கொன்று சமமான இரண்டு கற்றைகளுக்கிடையே மாறி மாறித் தாவும்படி ஒரு போன் கேட்டுக்கொண்டே இருந்தால் டவர் பாடு திண்டாட்டம்தான். ஆனால் அதற்கு மருந்து நிபந்தனையை இறுக்குவது. வாயைக் கட்டுவது அல்ல.

விரல் நுனியில் ஆயிரம் மடங்கு

மழையில் இந்த அலை கரைந்துவிடும் என்று பரவலாக ஒரு பயம் உண்டு. மணிக்கு 100 மில்லிமீட்டர் என்று சென்னையை மூழ்கடிக்கும் வேகத்தில் கொட்டினாலும், 200 மீட்டர் தூரத்தில் இழப்பு நாலு டெசிபெல்லுக்குள் அடங்கிவிடும். மழை இங்கே வில்லன் அல்ல. 3ஜிபிபியின் கணக்கு மாதிரியில் 28 கிகாஹெர்ட்ஸுக்குச் சாதாரணக் கண்ணாடி 7.6 டெசிபெல் தின்னும். வெயில் சூட்டைத் தடுக்கப் பூச்சுப் பூசிய அலுவலகக் கண்ணாடி 31 டெசிபெல். கான்கிரீட் சுவர் நூறு டெசிபெல்லுக்கும் மேல், அதாவது ஊடுருவல் என்ற பேச்சே இல்லை.

போனைப் பிடித்திருக்கும் கைக்கும் அதே மாதிரியில் ஓர் எண் உண்டு: 30 டெசிபெல். பத்து டெசிபெல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. முப்பது குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. உள்ளங்கை மூடியிருக்கும் பக்கத்தில் ஆன்டெனா இருந்தால் அது இல்லாததற்குச் சமம். 2020இல் வந்த ஐபோன் 12இன் அமெரிக்க மாடலில் மட்டும் வலது விளிம்பில் நீள்வட்டமாக ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. உலோகச் சட்டத்தை மீறி அலை வெளியே வருவதற்கான வழி அது. போனைப் படுக்கையாகப் பிடித்து விளையாடுபவரின் விரல் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கை அலையை மறைப்பது ஒரு பிரச்சினை. அலை கையைச் சுடக் கூடாது என்பது இன்னொன்று. இந்த அதிர்வெண்ணில் ஆற்றல் தோலின் மேற்பரப்பிலேயே வெப்பமாக மாறுகிறது. அமெரிக்க விதிப்படி பொதுமக்கள் மேல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிவாட்டுக்கு மேல் படக் கூடாது. வெரைசானின் முதல் 5ஜி போனாக மோட்டோரோலா கொடுத்த மோட்டோ இசட்3இன் முதுகில் ஒட்டும் 5ஜி துணைக்கருவியில், விரல் நெருங்கினால் அந்தப் பக்க ஆன்டெனாவை நிறுத்திவிடும் உணரிகளே வைத்திருந்தார்கள்.

இதிலிருந்துதான் கற்றைத் தேர்வின் நுட்பமான முடிச்சு விழுகிறது. டவரிலிருந்து கேட்பதற்கு நல்ல திசைதான் டவருக்குப் பேசுவதற்கும் நல்ல திசை என்ற அனுமானத்தின் மேல்தான் 5ஜி நடக்கிறது. ஆனால் அந்தத் திசையில் தலையோ விரலோ இருந்தால், கேட்கலாம், உரக்கப் பேசக் கூடாது. போன் தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். ஏன் திடீரென்று குரல் தாழ்ந்தது என்று டவருக்குப் புரியாது; இணைப்பு கெட்டது என்று நினைத்து வேறேதோ செய்யும். ரிலீஸ் 16 ‘பாதுகாப்புக்காகக் குரலைத் தாழ்த்தியிருக்கிறேன்’ என்று போன் சொல்ல வழி செய்தது. ரிலீஸ் 17 ஒரு படி மேலே போய், எந்தெந்தக் கற்றையில் எவ்வளவு தாழ்த்த வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வைத்தது. கேட்பதற்கு ஒரு கற்றை, பேசுவதற்கு வேறொன்று என்று டவர் பிரித்துத் தரவும் அதே தொகுப்பில் எளிய வழி வந்தது. கடைக்காரர் விளம்பரத்தில் வராத முன்னேற்றம் இது. பயனாளிக்கு நேரடியாகப் பயன்படுவதும் இதுதான்.

அடுத்த கட்டம் கணிப்பு. 64 கற்றைகளையும் அளப்பானேன்? 16ஐ அளந்துவிட்டு மற்றதைக் கணித்துவிட்டால்? போன் போகும் போக்கைப் பார்த்து அடுத்த நொடிக்கு எந்தக் கற்றை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால்? செயற்கை நுண்ணறிவை ரேடியோ இணைப்புக்குள் கொண்டுவர 3ஜிபிபி 2022இல் தொடங்கிய ஆய்வு மூன்று வேலைகளை எடுத்துக்கொண்டது. அதில் ஒன்று இது. கணித்த கற்றை உண்மையான முதலிடத்துக்கு ஒரு டெசிபெல்லுக்குள் இருந்தால் சரி என்று மதிப்பெண் போட்டார்கள். தேடும் நேரம் நாலில் ஒரு பங்காகக் குறைகிறது என்பதால் ஆசை வருவது இயல்பு.

ஆசைக்கு நடுவே கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. ஒரு நகரத்தின் தெருவில் பயின்ற கணிப்பு இன்னொரு நகரத்தின் தெருவில் எடுபடுமா? எடுபடாதபோது அதை யார் கண்டுபிடித்து அளவெடுக்கும் பழைய முறைக்குத் திரும்புவது? கணிக்கும் மூளை போனில் இருக்க வேண்டுமா, டவரிலா? போனில் என்றால் தயாரிப்பாளருக்கு டவரின் கற்றை அமைப்பு தெரிய வேண்டும்; அதை டவர் நிறுவனம் வியாபார ரகசியம் என்னும். டவரில் என்றால் போன் தன் அளவுகளைக் கொட்டிக் கொடுக்க வேண்டும். எந்த நிமிடம் எந்தக் கற்றை என்ற வரிசை, நீங்கள் நடந்த பாதையின் வரைபடமும்தான். அதைச் சேமித்து வைப்பவர் யார் என்று பொறியாளர்கள் மட்டும் பேசி முடிவு செய்ய முடியாது.

வாங்கி வைத்தவர்கள்

மில்லிமீட்டர் அலையின் இந்தத் தடுமாற்றத்துக்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. தென்கொரியாவின் மூன்று நிறுவனங்களும் 2018 ஏலத்தில் 28 கிகாஹெர்ட்ஸில் தலா 800 மெகாஹெர்ட்ஸ் வாங்கின. ஒவ்வொன்றும் 15,000 நிலையங்கள் அமைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பக்கத்தில்கூட வரவில்லை. கேடி, எல்ஜி யூபிளஸ் இரண்டின் உரிமத்தையும் 2022 இறுதியில் அரசு பறித்தது. எஸ்கே டெலிகாமின் உரிமம் 2023 மேயில் போனது. பிறகு ஸ்டேஜ் எக்ஸ் என்ற புதிய நிறுவனம் 2024 ஜனவரியில் அதை ஏலத்தில் எடுத்தது. ஜூலையில் அதுவும் ரத்து. அமெரிக்காவில் மில்லிமீட்டர் அலைக்காக நடந்த மூன்று ஏலங்களும் சேர்ந்து ஏறத்தாழ 1,000 கோடி டாலர். அதற்குப் பின் 2021இல் முடிந்த, சுவருக்குள் ஓரளவு நுழையக்கூடிய நடுத்தர அலைவரிசை ஏலம் ஒன்று மட்டும் 8,100 கோடி டாலர். சந்தை தன் தீர்ப்பை எண்ணில் எழுதிவிட்டது.

இந்தியாவில் 2022 ஆகஸ்டில் முடிந்த ஏலத்தில் ஜியோ 26 கிகாஹெர்ட்ஸில் எல்லாத் தொலைத்தொடர்பு வட்டங்களிலும் தலா 1,000 மெகாஹெர்ட்ஸ், ஏர்டெல் தலா 800 எடுத்தன. அதானி குழும நிறுவனம் தமிழ்நாட்டில் எடுத்த 50 மெகாஹெர்ட்ஸும், மற்ற ஐந்து வட்டங்களில் எடுத்ததும், ஏர்டெல்லுக்கு மாறுவதாக 2025 ஏப்ரலில் ஒப்பந்தமானது. ஸ்பெக்ட்ரம் இருக்கிறது. போன் இல்லை. இங்கே விற்கும் போன்களில் பெரும்பாலானவற்றில் 26 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனா வரிசையே கிடையாது. இந்தியாவில் விற்கும் ஐபோனிலும் இல்லை. மதுரையிலோ திருச்சியிலோ உங்கள் போன் காட்டும் 5ஜி பெரும்பாலும் 3.3 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓடுவது. அங்கேயும் டவர் கற்றை வீசுகிறது, ஆனால் அதிகபட்சம் எட்டுத் திசைதான். போன் பக்கம் திசைத் தேடல் பெரிதாக இல்லை. அதனால்தான் நீங்கள் எப்படித் திருப்பிப் பிடித்தாலும் அது தாக்குப்பிடிக்கிறது.

ஆகவே இன்று புது போன் வாங்கப் போகிறவர் 26 கிகாஹெர்ட்ஸைத் தேடிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். மொட்டை மாடியில் மாட்டி அசையாமல் வைக்கும் வீட்டு இணைப்புப் பெட்டிக்கு அது பொருத்தம். தேட வேண்டிய திசை மாறுவதே இல்லை. கிரிக்கெட் மைதானம், ரயில் நிலையம் என்று ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் குவியும் இடங்களில் கைபேசிக்கும் அது தேவைப்படும் காலம் வரும். அப்போது கடைக்கு வரும் போன்களை எப்படி நம்புவது?

இதற்கு இப்போதே ஒரு வேலை இருக்கிறது. 3ஜிபிபி விதிப்படி கைபேசி ஒன்று தன் சிறந்த திசையில் 22.4 டிபிஎம் ஆற்றலைத் தொட வேண்டும். ஆனால் போனைச் சுற்றியுள்ள மொத்தத் திசைகளில் பாதியில் 11.5 டிபிஎம் எட்டினாலே அது தேறிவிடும். இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். மீதிப் பாதித் திசைகளைப் பற்றி இந்த விதி கேட்பதே இல்லை. இந்தச் சோதனையும் எதிரொலி இல்லாத அறையில், யாரும் கையில் பிடிக்காத போனில் நடப்பது. கை பட்டால் முப்பது டெசிபெல் போகும் என்று தன் மாதிரியில் எழுதிவைத்திருக்கும் அதே அமைப்பு, தேர்வு எழுத வரும்போது கையை வெளியே விட்டு வரச் சொல்கிறது.

2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட இந்தியாவின் 5ஜி சோதனைக்களத்தை முன்நின்று நடத்தியது சென்னை ஐஐடி. எட்டு நிறுவனங்கள் சேர்ந்து செய்த வேலை அது. ஆளும் அறிவும் இங்கேயே இருக்கின்றன. 26 கிகாஹெர்ட்ஸ் போன்கள் இந்தியக் கடைகளுக்கு வருவதற்கு முன்னால், மனிதக் கையின் மாதிரியில் பிடித்த நிலையில், நிமிர்த்தியும் படுக்கவைத்தும், திருப்பும்போது எத்தனை மில்லிவிநாடியில் புதிய கற்றையைப் பிடிக்கிறது என்பது உட்பட, ஒவ்வொரு மாடலையும் அளந்து அந்த எண்களைப் பெட்டியின் மேல் அச்சிடச் சொல்ல வேண்டும். தொலைத்தொடர்புத் துறை இதை இப்போதே விதியாக்க வேண்டும். விற்பனை தொடங்கிய பிறகு எந்த நிறுவனமும் தானாக முன்வந்து செய்யாது.